வெங்கக்கரட்டுப் புத்து

அரசாங்கம் நட்டுவிட்டுப் போன அடிக்கல் முளைத்துவிட்டது என்ற சேதியை எங்களுக்குக் கொண்டுவந்தவர் பால்காரர் சடையப்பன். அவரும் அதைப் பெரிய சேதியாக நினைக்கவில்லை. வாசலில் நின்று பாலை அளந்துகொண்டே, "மந்தைக்காட்டுக் கல்லுல ரெண்டு படி வந்திருக்குதுங்க" என்றார். பால்காரர் வாயிலிருந்து படி என்று வந்தால் நாங்கள் என்ன நினைப்போம்? கல்லில் பால் சுரந்துவிட்டதாக்கும் என்று ஆளுக்கொரு சொம்பைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். போய்ப் பார்த்தால் ஏறுகிற படி. கல்லின் அடியிலிருந்து கிழக்குப் பார்த்து இரண்டு படிக்கட்டுகள், ஈரம் காயாமல், அவித்த கிழங்கு மாதிரி மெத்தென்று ஆவி விட்டுக்கொண்டிருந்தன. தூக்கிப்போன சொம்பைச் சும்மா திருப்பிக் கொண்டுவர மனசில்லாமல், குழாயில் பிடித்து ஆளுக்குக் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிவிட்டு வேலையைப் பார்க்கப் போனோம்.

உங்களுக்கெல்லாம் ஆச்சரியமே வரவில்லையா என்று பிற்பாடு வெளியூர்க்காரர்கள் கேட்டார்கள். ஆச்சரியப்பட அதில் என்ன இருக்கிறது? கல்லிலேயே கொட்டை எழுத்தில் வெட்டியிருந்தது, 'வட்டாரப் புத்தாக்க மையம்' என்று. வெங்கக்கரட்டில் புத்து என்றால் பாம்புப் புத்து ஒன்றுதான். செம்மண்ணில் தானாக எழும்பி, யாரும் கட்டாமல், யாரும் பூசாமல், ஒரு மழைக்கு ஒரு முழம் உசருகிற புத்து. வெள்ளிக்கிழமை பால் ஊற்றி, முட்டை வைத்து, மஞ்சள் தூவி நாங்கள் சுற்றி வருகிற புத்து. அரசாங்கம் அதை ஆக்குவதற்கென்றே ஒரு மையம் வைக்கிறது, நல்ல காரியம், நன்றாக இருக்கட்டும் என்று கல் நட்ட மறுநாளிலிருந்தே பெண்கள் பாலும் முட்டையுமாக வரிசை கட்டி நின்றார்கள். புத்து வளராமல் பின்னே என்ன செய்யும்?

அரசாங்கம் நினைத்தது வேறு. தலைநகரம் மட்டும் வளர்ந்து மற்ற ஊர்கள் அங்கே ஆள் அனுப்பிக்கொண்டிருந்தால் போதாது, அந்தந்த வட்டாரத்து மனிதர்கள் அந்தந்த வட்டாரத்திலேயே தலையையும் கையையும் போட்டுப் புதிதாக எதையாவது செய்ய வேண்டும், அதிலிருந்து தொழிலும் வேலையும் கிளைக்க வேண்டும் என்று யோசித்து, வட்டாரத்துக்கு ஒரு மையம் என்று முடிவு செய்திருந்தார்கள். செய்து பார்க்க இயந்திரங்கள், சொல்லிக்கொடுக்க ஆட்கள், விற்றுக்கொடுக்க வழி, எல்லாம் அந்த மையத்துக்குள் வரும். அமைச்சர் வந்தார், கல்லை நட்டார், மாலையைக் கழற்றி ஓட்டுநரிடம் கொடுத்துவிட்டுப் போனார். எங்கள் ஊரில் அடிக்கல்லுக்கு என்றைக்கும் பஞ்சம் இருந்ததில்லை. பேருந்து நிலையத்துக்கு ஒன்று, பெண்கள் பள்ளிக்கு ஒன்று, எதற்கென்றே எழுத்து அழிந்துபோன ஒன்று எனப் பல கற்கள், ஆடுகள் முதுகு சொரிந்துகொள்ள வசதியாக நின்றுகொண்டிருந்தன. பாவம், அவற்றில் ஒன்றிலும் புத்து என்ற வார்த்தை இல்லை.

இந்தக் கல்லை வாதாடி வாங்கிவந்தவர் எங்கள் பேரூராட்சித் தலைவி மயிலாத்தா. தலைவி ஆவதற்கு முன்னால் பக்கத்து ஊஞ்சப்பாளையத்தில் பொன்னுரங்கத்தின் விசைத்தறிக் கொட்டகையில் தறி ஓட்டியவர். விடியுமுன்னே எழுந்து, தலையைக்கூட ஒழுங்காகச் சீவாமல், வாயில் பாதி இட்லியோடு பேருந்தைத் துரத்திய பெண்களில் ஒருத்தி. ஓட்டுக் கேட்டு வந்தபோது அவர் வேறு எதையும் தருவதாகச் சொல்லவில்லை. "எம்பட ஊருப் புள்ளைக இனி வெடியால பஸ்ஸுக்குப் பின்னால ஓடக்கூடாது. வேல இங்க வரோணும். அதுக்கு என்ன செய்யோணுமோ செய்யறன்" என்றார். அந்தச் சொல்லுக்குத்தான் ஓட்டுப் போட்டோம்.

அதே மையத்தை ஊஞ்சப்பாளையமும் கேட்டிருந்தது. அந்த ஊருக்குத் தலைவர் வேறு யாருமில்லை, பொன்னுரங்கமேதான். இரண்டு ஊரும் முட்டிக்கொள்ளவே மேலிடத்தில் ஒரு நிபந்தனை வைத்தார்கள்: கல் இப்போதைக்கு வெங்கக்கரட்டில் இருக்கட்டும். அடுத்த ஆண்டு ஒரு குழு வந்து பார்க்கும். ஊர்க்காரர்கள் புதிதாக எதையாவது செய்திருந்தால் மையம் அங்கேயே நிலைக்கும், இல்லாவிட்டால் கல்லைப் பெயர்த்து ஊஞ்சப்பாளையத்தில் நட்டுவிடுவார்கள். பொன்னுரங்கம் தன் ஊரில் அப்போதே குழி தோண்டி வைத்துவிட்டார். போகிற வருகிறவர்களிடம் அந்தக் குழியைக் காட்டி, "கல்லு வரப்போகுதுங்க" என்று சொல்வதில் அவருக்கு ஒரு சுகம் இருந்தது.

இங்கே கல் படி விட்டது, படிக்கு மேல் நடை வந்தது, நடையிலிருந்து சுவர்கள் கிளம்பின. கட்டடம் வளர்கிறது என்று கேள்விப்பட்டு ஒரு பொறியாளர் வந்து, வரைபட அனுமதி இல்லாமல் எப்படி வளரலாம் என்று கேட்டார். "வேப்பமரம் உங்ககிட்ட பிளான் குடுத்துட்டுத்தான் வளருதுங்களா?" என்றார் மயிலாத்தா. நியாயம்தான் என்று பொறியாளர் வனத்துறைக்கு எழுதினார். கிளையும் இலையும் இல்லாததை மரமாக ஏற்க முடியாது என்று அவர்கள் திருப்பி எழுதினார்கள். அந்தக் கடிதங்கள் போய் வந்துகொண்டிருந்த நேரத்தில் இங்கே ஒரு மாடமும் மூன்று சன்னல்களும் வந்துவிட்டன. கொத்தனார் ராக்கியப்பன் முதலில் கோபித்துக்கொண்டு அந்தப் பக்கமே வராமல் இருந்தார். பிறகு பக்கத்து வீட்டுக் குளியலறையைப் பார்த்து ஒரு சன்னல் அரும்பவே, அதை மொட்டிலேயே கிள்ள ஆள் வேண்டியிருந்தது. அதிலிருந்து அவர் கட்டடத்துக்குக் கவாத்துக்காரர் ஆனார். புதுச்சுவர் உச்சிப்பொழுது வரை மெத்தென்று இருக்கும், சாயக்கூடாது என்பது எல்லாருக்கும் பழகிவிட்டது. பழகாத ஒரு விருந்தாளி சாய்ந்துவிட்டு, அவர் முதுகு அப்படியே சுவரில் பதிந்துபோனது. வீணாக்குவானேன் என்று அந்த இடத்தைச் சாய்ந்து உட்காருவதற்கென்று வைத்துக்கொண்டோம், இடுப்பு வலிக்கு அவ்வளவு இதமாக இருக்கிறது. இளம் பூச்சை ஆடுகள் கடித்துவிடாமல் சுற்றி முள் வேலி போட்டோம்.

ஒரு நாள் வளர்ச்சி நின்றுபோனது. பாலைக் கூட்டினோம், முட்டையைக் கூட்டினோம், மேளம்கூட வைத்தோம், ஒரு செங்கல் அகலம்கூட உயரவில்லை. மயிலாத்தாவின் முகம் சுண்டிவிட்டது. அந்தச் சமயத்தில்தான் மஞ்சள் மண்டி முத்தாயி, பண்டிகைக்கு வீட்டிலுள்ள துணி முழுவதையும் கையால் துவைக்கச் சோம்பல்பட்டு, மஞ்சள் மெருகு போடுகிற பெரிய டிரம்மில் போட்டுச் சோப்புத் தண்ணீர் ஊற்றிச் சுற்றவிட்டாள். துணி நன்றாக வெளுத்தது, ஆனால் வேட்டி, சேலை, மாமனாரின் கோமணம் வரைக்கும் மஞ்சளாக வெளுத்தது. வீட்டில் அவளை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருந்த அதே வேளையில் மந்தைக்காட்டில் பெரிய கூடம் ஒன்று திபுதிபுவென்று எழும்பி நின்றது, சுவரெல்லாம் இளமஞ்சள் ஓடியிருக்க.

அதன் பிறகு நாங்கள் கவனிக்க ஆரம்பித்தோம். வெல்டிங் பட்டறை அந்தோணி பழைய மொபட்டை வைத்துத் தேங்காய் நார் முறுக்கினான், மாடிப்படி வந்தது. ஒருவன் காற்றில் சுற்றும் மாவாட்டி செய்தான். காற்று சற்றுப் பலமாக அடித்து, தெரு முழுவதும் மாவு பறந்து, எங்கள் தலையெல்லாம் வெள்ளையாகிவிட்டது. அதற்கு வந்த அறைதான் இன்றைக்கும் கட்டடத்திலேயே காற்றோட்டமான அறை. இன்னொருவன் வெளியூரில் ஒரு இயந்திரத்தை வாங்கிவந்து பச்சைப் பெயிண்ட் அடித்துத் தன்னுடையது என்று காட்டினான். காட்டி முடிப்பதற்குள் கட்டடத்தின் கூரைப் பூச்சு பெயர்ந்து அவன் தலையிலேயே விழுந்தது. உருப்பட்டதா, உருப்படவில்லையா என்று புத்து பார்ப்பதில்லை. இதற்கு முன்னால் இல்லாதது ஒன்று கைபட்டு உண்டானதா என்பதைத்தான் பார்க்கிறது. "புத்துக்கு இனிப் பாலு வேண்டாம், புதுசுதான் வேணும்" என்று மயிலாத்தா தெருத்தெருவாகச் சொல்லிவந்தார். பாலைச் சடையப்பனே வாங்கிக்கொண்டு வேறு எதையோ செய்யப் போனார்.

பிறகு ஊர் ஊராகவா இருந்தது? எந்த வீட்டுக்குள் போனாலும் ஒரு சாமான் கழற்றிக் கிடந்தது. உலை வைத்த பெண் பாதியில் எழுந்துபோய்ப் பானையில் குழாய் பொருத்தினாள். புது அறைகளில் பட்டறை போட்டார்கள், ஒருவர் செய்ததை இன்னொருவர் கெடுத்து, கெடுத்ததிலிருந்து மூன்றாமவர் வேறொன்று செய்து, சாய ஆலைக்காரர்களும் தோப்புக்காரர்களும் வந்து விலை கேட்கத் தொடங்கினார்கள். காலைப் பேருந்தின் நடத்துனர், எங்கள் நிறுத்தத்தில் ஏற ஆளில்லை என்று வருத்தப்பட்டார். கட்டடம் மூன்று மாடியாகி, கரட்டுக் குன்றின் உச்சியை எட்டிப் பார்க்கும் சன்னலோடு நின்றது. எங்களுக்கு நெஞ்சு கொள்ளாத பெருமை. ஆனால் அதை வெளியே சொல்லிக்கொள்கிற பழக்கம் எங்களுக்குக் கிடையாது, வினையே அங்கேதான் வந்தது.

வெங்கக்கரட்டில் ஒருவர் நல்ல சாமான் ஒன்றைச் செய்து, அதை இன்னொருவர் பாராட்டினால், "அட, சும்மா ஒப்பேத்தி வெச்சிருக்கறனுங்க" என்றுதான் சொல்ல வேண்டும். நான் செய்தேன் என்று சொன்னால் கண் பட்டுவிடும், கை முடங்கிவிடும், அதைவிட மோசமாக, தலைக்கனம் பிடித்தவன் என்று பேர் வந்துவிடும். தாய்ப்பாலோடு வந்த மரியாதை அது. பத்து ஊருக்குத் தண்ணீர் இறைக்கிற இயந்திரத்தைச் செய்துவிட்டு நின்றாலும், எங்கள் ஆள் தரையைப் பார்த்துக்கொண்டு ஒப்பேத்தியது என்றுதான் சொல்வான்.

குழு வந்தது. அதற்குத் தலைமை ஆக்னஸ் என்ற அதிகாரி, கடற்கரை ஊர்க்காரர், சிரித்த முகம். வளர்ந்த கட்டடத்தைத் தொட்டுப் பார்த்து, "நல்லா வளர்த்திருக்கீங்க" என்றார், பிள்ளையைச் சொல்வது போல. ஆனால் கட்டடம் இருப்பது வேறு, உள்ளே நடப்பது வேறு, மக்கள் வாயால் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும் என்றும் சொன்னார். மேல்மாடியில் எல்லாரும் கூடினோம். பொன்னுரங்கமும் வந்திருந்தார், வேனில் கடப்பாரையோடு.

"நீங்க என்ன புதுசா செஞ்சிருக்கீங்க?" என்று ஆக்னஸ் அம்மா முத்தாயியைத்தான் முதலில் கேட்டார்.

முத்தாயி இப்போது மஞ்சள் ஏறாத டிரம் செய்து, விடுதிகளுக்கெல்லாம் கொடுத்துவந்தாள். எழுந்து நின்று, முந்தானையைப் பிசைந்து, "நானென்னத்தைங்க செஞ்சன், சும்மா ஒப்பேத்துனதுங்க" என்றாள்.

காலுக்குக் கீழே லேசாக ஏதோ இறங்கியது, பொங்கிய பால் அடங்குகிற மாதிரி. சன்னலில் தெரிந்த கரட்டு உச்சி மறைந்து வேப்பமரத்தின் கொண்டை தெரிந்தது. அந்தோணியைக் கேட்டார்கள். "பழைய சாமானுங்க, ஒப்பேத்தி வெச்சது" என்றான். வேப்பமரத்தின் கொண்டை போய் அடிமரம் வந்தது. மாவாட்டிக்காரன், பானைக் குழாய்க்காரி, சடையப்பன், ஒருவர் மாற்றி ஒருவர் எழுந்து, அடக்கமாக, அழகாக, அப்பன் ஆத்தா சொல்லிக்கொடுத்தபடி ஒப்பேத்தினார்கள். மூன்றாம் மாடி இரண்டாம் மாடியாகி, இரண்டாம் மாடி முதல் மாடியாகி, கடைசியில் சன்னல் வழியாக ஒரு வெள்ளாடு எங்களை நேருக்கு நேர் பார்த்தது. மயிலாத்தாவுக்கு அழுகை வந்துவிட்டது. "அடப்பாவிகளா, வாயத் தொறந்து சொல்லுங்களே! கல்லு போயிருமே!" என்று கத்தினார்.

ஆக்னஸ் அம்மா அவரையே கேட்டார். "நீங்க சொல்லுங்க தலைவியம்மா. நீங்க ஏதாவது செஞ்சிருக்கீங்களா?"

"நானெங்கீங்க, நான் சும்மா…" என்று மயிலாத்தாவும் தொடங்கிவிட்டார். கூடத்துத் தரையில் கீறல் விழுந்தது. அவர் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார்.

அந்த இடத்தில்தான் பொன்னுரங்கம் எழுந்தார். கெட்ட மனிதர் இல்லை அவர், நேரம் வாய்த்தால் விடாதவர், அவ்வளவுதான். "பாவம், இவங்களை விடுங்கம்மா. மயிலாத்தா நல்ல தறிக்காரி, நம்ம கொட்டகையில இருந்ததுதான். எங்க ஊருக்கு வந்து பாருங்க. பொன்னுரங்கம் தடைன்னு ஒண்ணு, இந்த வட்டாரம் பூரா தறிக்குத் தறி ஓடுது. நூலு அறுந்தா அடுத்த நொடியே தறி நின்னுரும்" என்றார்.

"அருமையா இருக்கே. யார் செஞ்சது?"

பொன்னுரங்கம் தொண்டையைச் செருமினார். "நம்ம கொட்டகையிலதாங்க செஞ்சது."

மயிலாத்தா வாயிலிருந்து கையை எடுத்தார். அவர் பேசியது எங்கள் ஒவ்வொருவர் காதிலும் இன்னும் இருக்கிறது.

"அதை நான் செஞ்சன்" என்றார். கண்ணை மூடிக்கொண்டு விடாமல் சொன்னார். "நான் செஞ்சனுங்க. நூலு அறுந்தது தெரியாம தறி ஓடி, துணி பாழாப் போய், கூலியப் புடிச்சுக்குவாங்க. எங்கூட ஓட்டுன புள்ளைக அழுகும். பாவு நூலுல எம்பட வளையலக் கழட்டித் தொங்கவுட்டன். நூலு அறுந்தா வளையலு விழுகோணும், விழுந்தா சைக்கிள் பிரேக்குக் கம்பிய இழுக்கோணும். பல தடவ சரியா வரல, கைய அறுத்துக்கிட்டன், இந்தா தழும்பு. அப்பறம் நின்னுச்சு பாருங்க தறி, டக்குனு நின்னுச்சு! ஒப்பேத்துனதில்லீங்க அது. யோசிச்சு, அளந்து, நான் செஞ்சது. அதும்பட பேரு வளையல் தடை."

கீழே எங்கேயோ கல் விம்மியது. வெள்ளாட்டின் முகம் சன்னலை விட்டு இறங்கிப் போனது. முத்தாயி, கேட்கப்படாமலே, "டிரம்மு நான் செஞ்சனுங்க!" என்று கத்தினாள், கத்திவிட்டுத் தன் வாயைத் தானே அடித்துக்கொண்டு மறுபடியும் கத்தினாள். அந்தோணி பெஞ்சின் மேல் ஏறி நின்றான். மாவு பறக்கவிட்டவன், பானைக்குக் குழாய் வைத்தவள், செய்து கெட்டுப்போனதைக்கூட மறைக்காமல், நான் செஞ்சன், நான் செஞ்சன் என்று ஆளாளுக்கு ஓலமிட, கட்டடம் வேப்பமரத்தைத் தாண்டி, கரட்டு உச்சியைத் தாண்டி, ஊஞ்சப்பாளையத்துத் தண்ணீர்த் தொட்டி தெரிகிற உயரத்துக்குப் போய் நின்றது. ஆக்னஸ் அம்மா மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். யாருக்கும் கண் படவில்லை, யாருக்கும் கை முடங்கவில்லை. அன்றைக்கு நாங்கள் எங்களைப் பற்றிப் பட்ட பெருமை வாழ்நாளுக்கும் போதும்.

கல் எங்களோடு நிலைத்தது. மழைக்காலம் முடிந்து ஒரு காலையில் பொன்னுரங்கத்தின் வேன் வந்து நின்றது. கடப்பாரை இல்லை. மனிதர் இளைத்திருந்தார். தோண்டிய குழியில் தண்ணீர் தேங்கித் தவளை கத்துவதாகவும், ஊஞ்சப்பாளையத்துப் பெண்கள் இப்போது விடியற்காலையில் எங்கள் ஊருக்குப் பேருந்து ஏறுவதாகவும் சொன்னார். "ஒரு போத்து குடு மயிலாத்தா. முருங்கப் போத்து ஒடிச்சு நடற மாதிரி நட்டுக்கறன்" என்றார்.

எங்களில் சிலருக்குக் கொடுக்க மனமில்லை. அனுபவிக்கட்டுமே என்றோம். "பஸ்ஸுக்கு ஓடறது எந்த ஊருப் பொண்ணா இருந்தா என்ன, மூச்சு வாங்கறது ஒண்ணுதான்" என்று மயிலாத்தா எங்கள் வாயை அடைத்தார். ராக்கியப்பன் இளசாக ஒரு படியைப் பார்த்து வெட்டி, ஈரச் சாக்கில் சுற்றி, வேனின் முன் இருக்கையில் உட்கார்ந்திருந்த பொன்னுரங்கத்தின் மடியில் வைத்தார்.

"எவ்வளவு தண்ணி ஊத்தோணும்?"

"தண்ணி வேண்டாமுங்க. நான் செஞ்சன்னு அதும்பட காதுல வுழுகிற மாதிரி ஒருத்தர் சொல்லோணும். இங்கயே சொல்லிப் பாத்துட்டுப் போங்க, புடிக்குதான்னு தெரியும்" என்றார் ராக்கியப்பன்.

பொன்னுரங்கம் வாயைத் திறந்தார். அவர் பேரில் ஓடுகிற சாமான் ஒன்றே ஒன்றுதான், அது யாருடையது என்று நாங்கள் அத்தனை பேரும் சுற்றி நின்று கேட்டிருக்கிறோம். மடியிலிருந்த படியைப் பார்த்துக்கொண்டே, "அந்தத் தடை நான் செஞ்சதில்ல, மயிலாத்தா. நீ செஞ்சது" என்றார். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டார், அவர் கண்ணும் கலங்கியது. ஆனால் புத்து மன்னிப்புக்கு முளைப்பதில்லை. படி அவர் மடியில் கல்லாகவே கிடந்தது.

வேனின் பின் இருக்கையில், மூட்டைகளுக்கு நடுவில், அவர் மனைவி நல்லம்மாள் உட்கார்ந்திருந்தார். இத்தனை வருஷத்தில் அவர் குரலை நாங்கள் கேட்டதில்லை. "நான் ஒண்ணு செஞ்சிருக்கறனுங்க" என்றார் மெதுவாக. "தறிப் பஞ்சு பறந்து மூச்சுல ஏறாம இருக்க, ஈரத்துணியில ஒரு கூண்டு. சமையக்கட்டுக்குப் பின்னால வெச்சிருக்கறன். யாருக்கும் காட்டுனதில்ல. நான்தான் செஞ்சன்."

பொன்னுரங்கம் திடுக்கிட்டு மடியைப் பார்த்தார். சாக்கைக் கிழித்துக்கொண்டு விரல் அகலத்தில் ஒரு படி, சூடாக, வெள்ளையாக, வெளியே வந்துகொண்டிருந்தது.

மயிலாத்தா வேனின் முன் கதவைத் திறந்து பிடித்தார். "நீங்க கொஞ்சம் பின்னால போய் உக்காருங்க முதலாளி" என்றார். "அக்கா, நீங்க முன்னால வாங்க. கல்லு உங்க மடியில இருக்கட்டும்."